வளைகுடாவில் எல்லோரும் பணக்காரர்களா?

"வளைகுடா நாடுகளில் ஏழைகளே கிடையாதா? செய்தியிலும் யூடியூபிலும் காட்டுகிற பணமெல்லாம் நிஜமா, இல்லை ஊடகங்கள் ஊதிப் பெருக்குகின்றனவா?" என்பது கேள்வி.

காட்டுகிற பணம் பெரும்பாலும் நிஜம்தான். கோபுரமும் நிஜம், காரும் நிஜம். ஆனால் அது எந்த ஊர்ப் பணம், யாருடைய பணம், கையில் இருந்த பணமா கடன் வாங்கிய பணமா என்று கேமரா கேட்பதில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் துபாயிலும் பிறகு சவூதியில் தம்மாமிலுமாகப் பதினான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போட்டு வங்கிக்கு அனுப்புவது என் வேலை. யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதோடு, இருபதாம் தேதிக்கே முன்பணம் கேட்டு யார் மேசை முன்னால் வந்து நிற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

தொலைக்காட்சிக்கு வளைகுடா என்பது ஒரே ஊர். ஈச்சமரம், ஒட்டகம், கண்ணாடிக் கோபுரம், வெள்ளை அங்கி போட்டவர். செய்தி ஓமனைப் பற்றியதாக இருந்தாலும் பின்னால் ஓடுவது துபாய்ப் படம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு உள்ளேயே நிலைமை அப்படி இல்லை. ஏழு அமீரகங்கள், எண்ணெய் வளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அபுதாபி ஒன்றிடமே இருக்கிறது. துபாயில் 1966-ல்தான் எண்ணெய் கிடைத்தது, 1969-ல் முதல் கப்பல் போனது, 1991 வாக்கில் உச்சத்தைத் தொட்டு அதன் பிறகு இறங்குமுகம்தான். அஜ்மான், உம்முல் குவைன், புஜைரா ஆகிய பெயர்களை நம் ஊர்ச் செய்தியில் நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அங்கேயும் குடிமக்கள் இருக்கிறார்கள், அவர்களும் அதே வெள்ளை அங்கிதான் போடுகிறார்கள், பலர் தினமும் காலையில் ஷார்ஜா நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து துபாய்க்கு வேலைக்கு வருகிறார்கள். வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் தவித்த அமீரகக் குடிமக்களுக்காக 2011 டிசம்பரில் அரசே 10 பில்லியன் திர்ஹத்தில் ஒரு நிதியை அறிவித்தது. எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்றால் அந்த நிதிக்கு அவசியமே வந்திருக்காது.

பஹ்ரைனை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலில் எண்ணெய் கிடைத்தது அங்கேதான், 1932-ல். ஆனால் கையிருப்பு கொஞ்சம். 2018-ல் அரசின் கடன் தலைக்கு மேல் போய், சவூதியும் குவைத்தும் அமீரகமும் சேர்ந்து 10 பில்லியன் டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. ஓமனில் ஸொஹார் நகர இளைஞர்கள் 2011-லும் மறுபடி 2021-லும் தெருவில் இறங்கியது வேலை கேட்டு. அந்தப் படங்கள் நம் திரைக்கு வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தாலும் "அரபி நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டமா?" என்று ஆளுக்கொரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

இதோடு ஒட்டிய இன்னொரு மயக்கம் நாணய மதிப்பு. "உலகிலேயே விலை உயர்ந்த பணம் குவைத் தினார்" என்று மாதம் ஒரு முறையாவது ஏதாவது ஒரு சேனலில் பட்டியல் போடுவார்கள். ஒரு தினார் மூன்று டாலருக்கு மேல், உண்மைதான். ஆனால் ஒரு தினாரை ஆயிரம் ஃபில்ஸாகப் பிரித்திருக்கிறார்கள், அலகே பெரிது. அலகு பெரிதாக இருப்பதற்கும் நாடு செல்வமாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதே பட்டியலில் ஜோர்டான் தினாரும் இருக்கும். ஒரு தினார் ஏறக்குறைய 1.41 டாலர். சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் இல்லாத, வெளிநாட்டு உதவியை நம்பியிருக்கிற நாடு ஜோர்டான். ஜப்பானிய யென்னோ ஒரு டாலருக்கு நூற்றுக்கு மேல் கொடுக்க வேண்டும். அதற்காக ஜப்பானை யாரும் ஏழை நாடு என்று சொல்வதில்லை. இவ்வளவு எளிய விஷயம், ஆனால் "ஒரு தினாருக்கு எத்தனை ரூபாய் தெரியுமா" என்று கேட்டுப் பெண் கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

சரி, இந்தப் பணக்கார அரபி பிம்பம் எப்போது வந்தது? ரொம்பப் பழையது ஒன்றுமில்லை. எண்ணெய்க்கு முன்னால் அந்தக் கரையோரங்களின் பிழைப்பு முத்துக் குளிப்பு. 1920-களின் இறுதியிலிருந்து ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அதையும் படுக்க வைத்தன. 1959 வரை அங்கே பல இடங்களில் புழங்கியது நம்முடைய இந்திய ரூபாய். அதன் பிறகு ரிசர்வ் வங்கியே தனியாக 'வளைகுடா ரூபாய்' என்று அச்சடித்துக் கொடுத்தது. 1966-ல் இந்தியா நாணய மதிப்பைக் குறைத்தபோதுதான் துபாய் உள்ளிட்ட பகுதிகள் அதைக் கைகழுவின. துபாய்க் கடற்கழியை ஆழப்படுத்த, துபாயை ஆண்ட ஷேக் ராஷித் குவைத்திடம் கடன் வாங்கியது அதற்குச் சில வருடங்கள் முன்னால். இன்று எழுபது எண்பது வயதில் இருக்கும் எமிராத்திகளுக்கு, அதாவது அமீரகக் குடிமக்களுக்கு, ஓலைக் குடிசை நினைவிருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர், ஏர்கண்டிஷனர் இல்லாத கோடைகாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. ஏறக்குறைய 3 டாலராக இருந்த பீப்பாய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. அதுவரை பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டுகிறவராக இருந்த கார்ட்டூன் அரபி, தொப்பை வைத்து, விரலெல்லாம் மோதிரம் போட்டு, பெட்ரோல் குழாயைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தது அந்த வருடத்திலிருந்துதான். கோபமும் பொறாமையும் கலந்து வரைந்த படம் அது. அதில் சவூதி, குவைத், லிபியா என்ற வேறுபாடெல்லாம் இல்லை.

அந்த வேடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். 1978 முதல் 1980 வரை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஒரு ரகசிய நடவடிக்கை நடத்தியது. அப்துல் என்டர்பிரைசஸ் என்று ஒரு போலி நிறுவனம், அதன் பின்னால் பணத்தைக் கொட்டத் தயாராக இருக்கும் ஓர் அரபு ஷேக். ஷேக்கும் போலி. வலையில் சிக்கித் தண்டனை பெற்றவர்கள் ஒரு செனட்டரும் ஆறு பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும். தலைப்பாகையும் அங்கியும் போட்டவர் எதிரே உட்கார்ந்தால் "உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்க நாட்டின் சட்டமியற்றுபவர்களுக்கே தோன்றவில்லை.

இரண்டாவது, பத்திரிகையே போட்ட வேடம். பிரிட்டனில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற ஞாயிறு இதழின் நிருபர் மஸர் மஹ்மூத் பல வருடம் பணக்கார ஷேக் வேடத்தில் போய்ப் பிரபலங்களின் வாயைக் கிளறினார். 2001-ல் அரச குடும்பத்து மருமகள் ஸோஃபி, 2006-ல் இங்கிலாந்துக் கால்பந்து அணிப் பயிற்சியாளர் ஸ்வென் யோரன் எரிக்சன் எனப் பெரிய தலைகள் மாட்டின. 'போலி ஷேக்' என்றே அவருக்குப் பெயர். கடைசியில் ஒரு வழக்கில் சாட்சியத்தைத் திருத்தச் செய்தது நிரூபணமாகி 2016-ல் 15 மாதச் சிறை. எனக்கு இதில் வியப்பாக இருப்பது ஒன்றுதான். வேடத்துக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. பணக்கார அரபியை முதலில் ஊடகம் உருவாக்கியது, பிறகு அதே உடையைத் தானே போட்டுக்கொண்டு செய்தி பிடித்தது.

இது வெளியிலிருந்து வரைந்த படம். துபாயின் கதை வேறு. அங்கே படத்தை வரைகிறவர்கள் ஊர்க்காரர்களேதான், அதுவும் காரணத்தோடு. எண்ணெய் தீரப்போகிறது என்று தெரிந்த ஊர் 1979-ல் ஜெபல் அலி துறைமுகத்தைத் திறந்தது, 1985-ல் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தைத் தொடங்கியது, 2002-ல் வெளிநாட்டவரும் வீடு வாங்கலாம் என்று அறிவித்தது. அந்த மூன்றாவது அறிவிப்புக்குப் பிறகு ஆடம்பரம் என்பது துபாய் விற்கும் சரக்கு. சரக்கை விற்க விளம்பரம் வேண்டும், விளம்பரத்தைச் செய்தியாகப் போட ஆள் இருந்தால் செலவு மிச்சம். நாம் 'துபாய்ச் செய்தி' என்று பார்ப்பதில் பெரும்பகுதி கடை வாசலில் தொங்கும் பட்டுப்புடவை மாதிரி. அதைப் பார்த்துவிட்டு அந்தக் கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் பட்டுதான் கட்டத் துணி என்று நினைத்தால் எப்படி?

சில உதாரணங்கள். புர்ஜ் அல் அரப் 'ஏழு நட்சத்திர' ஓட்டல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதிகாரபூர்வத் தரம் ஐந்து நட்சத்திரத்தோடு முடிகிறது. 1999-ல் திறப்பதற்கு முன்னால் சுற்றிக் காட்டப்பட்ட ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எழுதியதிலிருந்துதான் அந்த 'ஏழு' வந்தது என்று ஓட்டல்காரர்களே சொல்கிறார்கள். 2013-ல் துபாய்ப் போலீஸ் லம்போர்கினி வாங்கியதும் உலகம் முழுக்கப் படம் வந்தது. அந்த வகைக் கார்கள் நிற்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடத்தில், படம் எடுத்துக்கொள்வதற்கு வசதியாக. பக்கத்துத் தெருவில் சண்டை நடந்தால் வருவது சாதாரணப் போலீஸ் வண்டிதான். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டும் ஜப்பானிய வண்டி.

கார் நம்பர் பிளேட் விஷயம் இன்னும் நல்ல உதாரணம். 2023 ஏப்ரலில் 'பி 7' என்ற பதிவெண் 55 மில்லியன் திர்ஹத்துக்கு ஏலம் போனது, உலக சாதனை. "நம்பர் பிளேட்டுக்கு இத்தனை கோடியா, பணத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை இவர்களுக்கு" என்று பேசாத வாய் இல்லை. அது ஏழைகளுக்கு உணவளிக்கும் திட்டத்துக்குப் பணம் திரட்ட நடந்த ஏலம். நன்கொடையைத்தான் பதிவெண் வடிவில் வாங்கினார்கள். 2008-ல் அபுதாபியில் '1' என்ற எண் 52.2 மில்லியனுக்குப் போனதும் தர்ம காரியத்துக்கான ஏலத்தில்தான். தலைப்பில் தொகை வரும், தர்மம் நாலாவது பத்தியில் வரும், நாலாவது பத்தி வரை யாரும் போவதில்லை. 2016-ல் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் தெருவில் ஒரு சவூதி இளைஞரின் 'தங்கக் கார்கள்' வரிசையாக நின்றதும் அப்படித்தான். கார் விலை உயர்ந்தது, சந்தேகமில்லை. தங்கம் என்பது மேலே ஒட்டிய பளபளப்பு வினைல்.

கடன் பற்றிச் சொல்லாமல் துபாயைப் பற்றிப் பேச முடியாது. 2009 நவம்பர் 25 அன்று அரசு நிறுவனமான துபாய் வேர்ல்ட், தவணைகளைத் தள்ளிவைக்கக் கடன்காரர்களிடம் அவகாசம் கேட்டது. சுமார் 26 பில்லியன் டாலர் விவகாரம். டிசம்பரில் அபுதாபி 10 பில்லியன் கொடுத்தது. அடுத்த மாதம் 2010 ஜனவரி 4-ல் 828 மீட்டர் கோபுரம் திறக்கப்பட்டபோது, அதுவரை 'புர்ஜ் துபாய்' என்று அழைக்கப்பட்டது அபுதாபி ஆட்சியாளர் பெயரால் 'புர்ஜ் கலீஃபா' ஆகிவிட்டது. பெயர் மாற்றத்துக்கு யாரும் காரணம் எழுதி ஒட்டவில்லை, ஆனால் கணக்குப் பிரிவில் இருந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்பு. இருபது பேருக்கு ஒரே வாரத்தில் இறுதிக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். வெளியே தொலைக்காட்சியில் வாணவேடிக்கை.

எல்லோரும் மேற்கோள் காட்டும் 'தனிநபர் வருமானம்' பற்றியும் ஒரு வார்த்தை. கத்தார் பல ஆண்டுகள் உலகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியை ஆள் எண்ணிக்கையால் வகுத்து வருவது அந்த எண். பத்துப் பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள். ஒருவருக்கு 91,000, மீதி ஒன்பது பேருக்குத் தலா 1,000. சராசரி 10,000. அறையில் பத்தாயிரம் வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. தவிர, எரிவாயு விற்ற பணம் அரசின் கணக்குக்கும் முதலீட்டு நிதிக்கும் போகிறது, ஆள் கைக்கு அப்படியே வருவதில்லை. அதே கத்தாரில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி தராவிட்டால் அதற்கு மேல் 500-ம் 300-ம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட செய்தியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இதற்கு மறுபக்கமும் உண்டு: மக்களில் பத்தில் ஒன்பது பேர் வெளியூர்க்காரர்களாக இருப்பதால், குடிமக்களின் செல்வத்தை அந்தச் சராசரி குறைத்தும் காட்டலாம். மொத்தத்தில் அந்த எண்ணை வைத்து யாருடைய வாழ்க்கையையும் ஊகிக்க முடியாது.

சவூதிக்கு வந்ததும் என் எண்ணங்கள் இன்னும் கலைந்தன. துபாயில் நான் பழகியது அதிகாரிகளான எமிராத்திகளோடு. தம்மாமில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர் சவூதி, அலுவலக வாசல் காவலாளி சவூதி, ஆப்பில் கூப்பிட்டால் வரும் டாக்ஸிக்காரர் சவூதி. 2022 கணக்கெடுப்புப்படி நாட்டில் 3.22 கோடிப் பேர், அதில் 58.4 சதவீதம் சவூதிகள், அதாவது ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல். இவ்வளவு பேர் அத்தனை பேரும் ஷேக்காக இருக்க எண்ணெயே போதாது. நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் குடிமக்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்ற 'நிதாகத்' திட்டம் 2011-ல் வந்தது. 2021 முதல் ஒரு சவூதியை முழு ஆளாகக் கணக்கில் எடுக்க 4,000 ரியால் சம்பளம் காட்ட வேண்டும், அதற்குக் கீழே 3,000 வரை என்றால் அரை ஆள். பட்டியலில் 'அரை' என்று நிரப்பும்போது ஒருமாதிரி இருக்கும். அந்த அரை ஆளுக்கு மூன்று குழந்தைகள், வாடகை வீடு. 2016-ல் சொந்த வீடு வைத்திருந்த சவூதிக் குடும்பங்கள் பாதிக்கும் குறைவு என்று அவர்களுடைய அரசே சொல்கிறது. 2020 ஜூலையில் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதத்திலிருந்து 15-க்கு ஏறியபோது எங்கள் சவூதி சக ஊழியர்கள் புலம்பியது, நம் ஊரில் காஸ் விலை ஏறினால் புலம்புவது மாதிரியேதான். "வரியே இல்லாத நாடு" என்ற பழைய வசனத்தை இன்னும் சிலர் யூடியூபில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் இதெல்லாம் படத்தில் வருவதில்லை? பாதிக் காரணம் ரசனை. வறுமைக் காட்சி வேண்டுமென்றால் ஊடகம் வேறு கண்டத்துக்குப் போகும், இங்கே வருவது வேடிக்கை பார்க்க. மீதிப் பாதி, காட்டுவது கஷ்டம். 2002-ல் அப்போதைய பட்டத்து இளவரசர் அப்துல்லா ரியாத்தின் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போனதை அரசுத் தொலைக்காட்சியே காட்டியபோது சவூதிகளுக்கே அதிர்ச்சி. அதன் பிறகு வறுமை ஒழிப்பு என்ற சொல் அரசு ஆவணங்களில் புழங்க ஆரம்பித்தது. ஆனால் 2011-ல் சில இளைஞர்கள் தாங்களாக அதே ரியாத்தின் ஏழைப் பகுதியைப் படம் பிடித்து யூடியூபில் போட்டபோது கைது செய்யப்பட்டுச் சுமார் இரண்டு வாரம் உள்ளே இருந்தார்கள். அமீரகத்தில் காசு வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்கிறவர்களுக்கு 2018 முதல் உரிமம் கட்டாயம். அனுமதியில்லாமல் மற்றவரைப் படம் எடுப்பதும் நாட்டின் பெயரைக் கெடுக்கும்படி பதிவிடுவதும் குற்றம். தொழிலாளர் முகாமின் கழிவறையைப் படம் எடுத்துப் போட எவனுக்குத் துணிச்சல் வரும்? குவைத்தில் 'பிதூன்' என்று ஒரு லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள். பரம்பரையாக அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள். அதே மொழி, அதே உடை. படத்தில் பார்த்தால் இன்னொரு பணக்காரக் குவைத்தி என்றுதான் நினைப்பீர்கள்.

இப்போது சங்கடமான பகுதி. ஊடகத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. வளைகுடாவைப் பற்றி நம் ஊருக்குத் தகவல் கொண்டுவரும் பெரிய ஊடகம் நாங்கள்தான், அங்கே போய் வேலை செய்தவர்கள்.

துபாயில் முகைஸ்னா என்ற பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே உள்ளவர்கள் அதைச் 'சோனாப்பூர்' என்பார்கள், இந்தியில் தங்க ஊர். விடியற்காலையில் அங்கிருந்து வெள்ளைப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பும். ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர், இரண்டு அடுக்குக் கட்டில். தேரா பக்கம் குடும்பமில்லாமல் இருக்கும் அலுவலக ஆட்களுக்கு 'பெட் ஸ்பேஸ்': வாடகை அறைக்குக்கூட இல்லை, கட்டிலுக்கு. நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். கட்டிலைச் சுற்றி ஒரு திரைச்சீலை, அதற்குள் என் உலகம். குடும்பத்தை அழைத்துவர 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000-ம் தங்குமிடமும் காட்ட வேண்டும். பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கோட்டுக்குக் கீழே. சவூதியிலோ 2017 ஜூலை முதல் கூட வைத்திருக்கும் மனைவி பிள்ளைகளுக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் தீர்வை, வருடா வருடம் ஏறி 2020-ல் 400 ஆனது. எங்கள் அலுவலகத்தில் மட்டும் ஒரே வருடத்தில் ஏழு குடும்பங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

இதையெல்லாம் வீட்டுக்கு யாராவது எழுதினார்களா? வெள்ளிக்கிழமை எடுக்கும் படத்தில் பின்னால் கோபுரம் இருக்கும், கட்டில் இருக்காது. மேனேஜரின் வண்டி மேல் சாய்ந்து நின்று எடுத்த படம் ஊரில் 'அவன் வண்டி' ஆகிவிடும். திருத்த மாட்டோம். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும், தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கடன் கொடுத்தவர் நம்பிக்கையோடு இருப்பார். விடுமுறைக்கு வரும்போது மூன்று மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வருவோம். ஊர் அந்தப் பெட்டியைப் பார்க்கும். அதற்கு வாங்கிய முன்பணம் என் பட்டியலில் 'பிடித்தம்' என்ற பத்தியில் ஆறு மாதம் ஓடும்.

இந்தப் பிம்பத்தால் லாபம் அடைபவர் ஏஜென்ட். சட்டப்படி ஆளெடுக்கும் முகவர் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் ஒரே பதில்: "அங்கே போய்விட்டால் ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்." யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்த்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்து மிகையிலும் எனக்கு உடன்பாடு இல்லை. உலகக் கோப்பைக் காலத்தில் கத்தாரைப் பற்றி வந்த சில செய்திகளைப் படித்தால் அங்கே ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் அடிமைக் கூடம், நடுவில் மனிதர்களே இல்லை என்று தோன்றும். அந்த நடுவில்தான் நர்ஸ்கள், ஃபோர்மேன்கள், ஆசிரியர்கள், கடை வைத்திருக்கும் மலையாளிகள், எங்களைப் போன்ற கணக்கர்கள், வீட்டுக் கடன் கட்டும் சவூதி குமாஸ்தாக்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே சம்பாதித்த பணத்தில் நான் தங்கையின் கல்யாணத்தை முடித்தேன், வீட்டுக்கு மாடி எடுத்தேன். அதையும் மறைத்தால் நானும் பாதிக் கதை சொல்கிறவன் ஆகிவிடுவேன். யாராவது போகக் கேட்டால், "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேள், ஒப்பந்தத்தைக் கையில் வாங்கு, அறையில் எத்தனை பேர் என்று ஏற்கெனவே இருப்பவனிடம் கேள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "மாமா, அங்க போலீஸே லம்போர்கினிலதான் போகுமாமே?" என்றான். மேலே எழுதிய கதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுவரைக் காட்டி, "அப்ப இத ஏன் மாமா மாட்டி வச்சிருக்கீங்க?" என்றான். 2010-ல் புர்ஜ் கலீஃபா திறந்த புதிதில் கறுப்புக் கண்ணாடி போட்டு நான் எடுத்துக்கொண்ட படம். கண்ணாடி அறைத்தோழனுடையது. அம்மா சட்டம் போட்டு மாட்டியது, அவர் இருக்கும்வரை தினமும் துடைப்பார். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "அது அம்மாயி மாட்டினதுடா" என்றேன்.